சேர்வியல் வேதியியலும் மருந்துத் தேடலும்: ஒரு வரலாறு

ஆங்கிலத்தில் காம்பினடோரியல் கெமிஸ்ட்ரி எனப்படும் சேர்வியல் வேதியியல், சில அடிப்படை மூலக்கூறுகளை மாற்றி மாற்றி இணைத்து ஆயிரக்கணக்கான சேர்மங்களை ஒரே முயற்சியில் உருவாக்கும் முறையாகும். இவ்வாறு கிடைக்கும் தொகுப்பு 'நூலகம்' என்று அழைக்கப்படுகிறது. நூலகத்திலுள்ள சேர்மங்களைத் தானியங்கிகளின் துணையோடு, நோயுடன் தொடர்புடைய ஒரு புரதத்தின் மீது விரைவாகச் சோதிப்பது ஹை த்ரூபுட் ஸ்கிரீனிங், அதாவது பெருந்திரள் சோதனை. 1990களில் இவ்விரண்டும் சேர்ந்து மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களை அடியோடு மாற்றின. சேர்மங்களின் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் மருந்துகள் பெருகவில்லை. அது ஏன் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் மெரிஃபீல்ட். அமினோ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடு செய்யும்போது, ஒவ்வொரு படியிலும் விளைபொருளைப் பிரித்துத் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. இதற்கே நாட்கள் கரைந்தன. முதல் அமினோ அமிலத்தை ஒரு பாலிஸ்டைரீன் பிசின் மணியில் பிணைத்துவிட்டால், எஞ்சிய வேதிப்பொருள்களைக் கழுவி ஊற்றிவிடலாம். விளைபொருள் மணியோடு தங்கிவிடும். 1963இல் வெளியான இந்த எளிய உத்திக்கு 1984ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு பெப்டைடுதான் செய்ய முடிந்தது. 1984இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மரியோ கெய்சன் குழுவினர், நெகிழி ஊசிகளின் நுனிகளில் பெப்டைடுகளை வளர்த்தனர். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் வைரசின் ஒரு புரதத்திலிருந்து 208 சிறு துண்டுகளைச் செய்து, எதிர்ப்பான்கள் எந்தத் துண்டைப் பற்றுகின்றன என்று கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஹாட்டன் பிசின் மணிகளைத் தேயிலைப் பை போன்ற சிறு வலைப்பைகளில் அடைத்து, நான்கு வாரங்களுக்குள் 248 பெப்டைடுகளைச் செய்து காட்டினார்.

எண்ணிக்கையை நூறுகளிலிருந்து இலட்சங்களுக்கு உயர்த்திய எண்ணம் புடாபெஸ்டில் பிறந்தது. ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தின் ஆர்பாட் ஃபுர்கா பிரித்துக் கலக்கும் முறையை வகுத்தார். பிசின் மணிகளை மூன்று பாத்திரங்களில் சமமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அமினோ அமிலத்தை இணைக்க வேண்டும். பிறகு எல்லா மணிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, மீண்டும் மூன்றாகப் பிரித்து அடுத்த அமினோ அமிலத்தை இணைக்க வேண்டும். இப்படி மூன்று சுற்றுகள் முடிந்தால், ஒன்பதே வினைகளில் 27 வகைப் பெப்டைடுகள் கிடைக்கும். இருபது அமினோ அமிலங்களையும் எடுத்துக்கொண்டால் நான்கு சுற்றுகளில், 80 வினைகளில், 1,60,000 பெப்டைடுகள். ஐந்தாம் சுற்றில் 32 இலட்சம். உழைப்பு கூட்டலில் வளர, விளைவு பெருக்கலில் வளர்கிறது. எந்த மணியும் ஒரு சுற்றில் ஒரே பாத்திரத்தில்தான் இருக்க முடியும் என்பதால், ஒரு மணியில் ஒரே வகைப் பெப்டைடுதான் இருக்கும்.

ஃபுர்கா இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1982இல் தம் கருத்தை அங்கேரிய மொழியில் எழுதி, சான்றுறுதி அலுவலர் முன் பதிவு செய்து வைத்தார். 1988இல் பிராகாவிலும் புடாபெஸ்டிலும் நடந்த மாநாடுகளில் முன்வைத்தார். முழுமையான கட்டுரை வெளியானது 1991இல்தான். அதே ஆண்டு நவம்பரில் நேச்சர் இதழில், இதே வழியைப் பயன்படுத்திய கிட் லாம் குழுவின் கட்டுரையும் ஹாட்டன் குழுவின் கட்டுரையும் அடுத்தடுத்து வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன. இன்று முதன்மை உரிமை ஃபுர்காவுக்கே வழங்கப்படுகிறது. அதற்குத் துணையாக நிற்பது, ஆய்விதழ் எதிலும் வராத அந்த 1982ஆம் ஆண்டு ஆவணம்.

செய்த சேர்மங்களைச் சோதிக்க வேண்டிய கருவிக்கும் புடாபெஸ்டோடு தொடர்புண்டு. 1951இல் கியூலா டகாச்சி என்ற மருத்துவர், காய்ச்சல் வைரசுச் சோதனைகளை மலிவாகவும் விரைவாகவும் செய்ய, அக்ரிலிக் பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள் குடைந்தார். அதன் வழிவந்ததே இன்று ஆய்வகங்களில் எங்கும் காணப்படும் 96 குழிகள் கொண்ட நுண்தட்டு. பின்னர் அதே அளவுத் தட்டில் 384 குழிகளும், 1,536 குழிகளும் வந்தன. திரவத்தை எடுத்து ஊற்றும் பணியை எந்திரக் கைகள் ஏற்றன. ஒரு நாளில் பல்லாயிரம் சேர்மங்களைச் சோதிப்பது நடைமுறையானது.

பெப்டைடுகளை விழுங்கினால் குடலிலேயே செரித்துவிடும். ஆகவே மாத்திரையாக்க அவை பெரும்பாலும் உதவா. 1992இல் பெர்க்லியில் புனின், எல்மன் ஆகியோர் டயசெபாம் மருந்தின் குடும்பமான பென்சோடயசெபைன்களைப் பிசின் மீது செய்து காட்டியதும் மருந்து நிறுவனங்கள் விரைந்து வந்தன. 1995இல் கிளாக்சோ நிறுவனம் அஃபிமேக்ஸ் என்னும் இளம் நிறுவனத்தை 50 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

ஏமாற்றம் மெல்ல வந்தது. கலவைகளாகச் செய்த நூலகங்களில் எது வேலை செய்தது என்று பிரித்தறிவதே பெரும் பாடாயிற்று. பெருந்திரள் சோதனையில் தேறியவை பெரும்பாலும் பருத்த, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளாக இருந்தன. பைசர் நிறுவனத்தின் கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி 1997இல், வாய்வழி மருந்தாகும் சேர்மத்தின் மூலக்கூறு எடை பொதுவாக 500ஐத் தாண்டாது என்பது உள்ளிட்ட நான்கு வரம்புகளைத் தொகுத்தார். எல்லைகள் ஐந்தின் மடங்குகளாக இருந்ததால் அது 'ஐந்தின் விதி' எனப் பெயர் பெற்றது.

மிகக் கடுமையான பாடம் நுண்ணுயிர்க்கொல்லிகளில் கிடைத்தது. 1995 முதல் 2001 வரை கிளாக்சோ ஸ்மித்கிளைன், பாக்டீரியாக்களுக்கு எதிராக 70 பெருந்திரள் சோதனைகளை நடத்தியது. ஒவ்வொன்றிலும் 2,60,000 முதல் 5,30,000 வரையிலான சேர்மங்கள் பயன்படுத்தப்பட்டன. மருந்தாக வளர்க்கத் தக்க முன்னோடிச் சேர்மங்கள் ஐந்தே தேறின. தனிப் புரதத்தை முடக்கிய சேர்மம், பாக்டீரியாவின் உறையைக் கடந்து உள்ளே நுழைய முடியாமல் நின்றது. நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2007இல் இதை வெளிப்படையாக எழுதினர். தோல்வியை இவ்வளவு விவரமாகச் சொல்வது மருந்துத் துறையில் அரிது. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் நுண்ணுயிர்கள் தமக்குள் போரிட உருவாக்கியவை; உறையைக் கடக்கும் வழி அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. வேதியியலர் எளிதாகச் செய்யக்கூடியவற்றால் நிரம்பிய நூலகத்தில் அது இல்லை.

இம்முறை வென்ற இடமும் உண்டு. பேயர், ஓனிக்ஸ் நிறுவனங்கள் ராஃப் என்னும் நொதியை முடக்க, சுமார் 2,00,000 சேர்மங்களைச் சோதித்து, வலுக்குறைந்த ஒரு யூரியாச் சேர்மத்தைக் கண்டெடுத்தன. அதையொட்டிச் சுமார் 1,000 சேர்மங்கள் கொண்ட சிறு நூலகம் செய்யப்பட்டது. தனித்தனியே பயன் தராத இரு மாற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது பலன் தருவது அதில் தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற பழைய வழியில் இது தப்பிப்போயிருக்கும். அந்தத் தடத்தில் வந்த சோராஃபெனிப், 2005 டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் கல்லீரல் புற்றுநோய்க்கும். இந்தியாவில் அப்போது ஒரு மாத மருந்தின் விலை சுமார் 2,80,000 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் நாட்டின் முதல் கட்டாய உரிமம் ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, விலை 8,880 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பேயரின் மேல்முறையீட்டை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் தள்ளுபடி செய்தது.

பெருநூலகங்கள் பின்னர் வேறு உருவில் திரும்பின. சிட்னி பிரென்னரும் ரிச்சர்ட் லெர்னரும் 1992இலேயே, ஒவ்வொரு சேர்மத்தோடும் அது செய்யப்பட்ட வரிசையைக் குறிக்கும் டி.என்.ஏ துண்டு ஒன்றைக் கட்டிவிடலாம் என்று எழுதியிருந்தனர். டி.என்.ஏ வரிசையைப் படிப்பது மலிவான பிறகே அது பயனுக்கு வந்தது. முழு நூலகத்தையும் ஒரே குழாயில் புரதத்தோடு கலந்து, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றின் டி.என்.ஏவைப் படித்தால் போதும். 2009இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் ஆய்வாளர்கள் 80 கோடி சேர்மங்கள் கொண்ட அத்தகைய நூலகத்தை அறிவித்தனர். அதைச் செய்த வழி ஃபுர்காவின் பிரித்துக் கலக்கும் முறையே. இவ்வகை நூலகங்களிலிருந்து அந்நிறுவனம் கண்டெடுத்த ரிப்1 நொதித் தடுப்பான்களின் வழிவந்த ஒரு சேர்மம், பின்னர் மனிதர்களிடம் சோதிக்கப்படும் நிலை வரை சென்றது.