கால அட்டவணை யார் கையில்? கனடாவின் பூர்வகுடிசார் வெளிப்புறக் கல்வி குறித்து

பூர்வகுடி அறிவை மையமாகக் கொண்டு, வகுப்பறைக்கு வெளியே பட்டறிவுவழிப் பாடத்திட்டம் வகுக்க முனையும் கனடிய ஆசிரியருக்கு இன்று கொள்கை அளவில் ஆதரவுக்குக் குறைவில்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 அறைகூவல்களில் 62ஆவது, பூர்வகுடி அறிவையும் கற்பிக்கும் முறைகளையும் வகுப்பறையில் கையாள ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நிதி கோருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023–24 கல்வியாண்டு முதல், பூர்வகுடிசார் பாடத்தில் 4 கிரெடிட் பெற்றால்தான் பள்ளியிறுதிச் சான்றிதழ். ஆனால் எங்கே நடக்கிறது, என்னென்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டு இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவது போதாது. கால அட்டவணையை யார் தீர்மானிக்கிறார் என்பதே உரைகல்.

வெளிப்புறக் கல்வியும் பூர்வகுடிக் கல்வியும் தாமாகவே இணைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வெளிப்புறக் கல்வியின் ஒரு முக்கிய மரபு, 1941இல் வேல்ஸின் அபெர்டோவியில் கர்ட் ஹான் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியிலிருந்து வருகிறது. போர்க்காலக் கடலில் இளம் மாலுமிகளுக்கு உயிர்தப்பும் மனஉறுதி வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே கடலும் மலையும் மனிதன் தன்னைச் சோதித்துக்கொள்ளும் களங்கள். களத்துக்கென்று உறவோ உரிமையோ கிடையாது. நிஷ்னாபெக் அறிஞர் லியான் பெட்டசமோசகே சிம்ப்சன் 2014இல் எழுதிய கட்டுரை வேறொரு கல்வியைக் காட்டுகிறது. அதில் ஒரு சிறுமி, அணில் மரப்பட்டையைச் சுவைப்பதைப் பார்த்து மேப்பிள் சாற்றை அறிந்துகொள்கிறாள். பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. அவள் சொன்னதைத் தாய் நம்புகிறாள். கற்றல் முழுமை பெறுவது அந்த நம்பிக்கையால்தான்.

கியூபெக்கின் வடபகுதியில், ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் வாழும் கிரீ மக்களிடம் நிலத்தோடு இணைந்த இத்தகைய கற்றல் நடைமுறையாகவே இருக்கிறது. 1975ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே அவர்கள் தமக்கெனக் கல்வி வாரியம் பெற்றார்கள். வசந்தத்தில் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும் காலத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்படுகிறது; குடும்பங்கள் வேட்டை முகாம்களுக்குப் போகின்றன. பறவைகளின் வருகைக்குப் பள்ளி வழிவிடுகிறது. மற்ற மாகாணங்களில் ஆசிரியர் நடத்தும் ஒருநாள் ‘நில அனுபவம்’ பெரும்பாலும் இதற்கு நேரெதிர்: பேருந்து வரும் நேரத்துக்குள் பூர்வகுடி மூத்தவர் கதையை முடித்தாக வேண்டும்.

பொதுப்பள்ளிக்கு இவ்வளவு நெகிழ்வு சாத்தியமில்லை என்ற மறுப்பு நியாயமானதே. கிரெடிட் விதிகளும் பாதுகாப்பு விதிகளும் ஆசிரியரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. எனினும் எந்தப் பருவத்தில் போவது, எதைச் சொல்வது, எதைப் படமெடுக்கக் கூடாது என்பவற்றைச் சமூகத்தின் கையில் ஒப்படைக்க அந்த விதிகள் பெரும்பாலும் தடையாக இல்லை. சில அறிவு புனிதமானது, அனுமதியோடு மட்டுமே பகிரத்தக்கது என்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதல்குடிகள் கல்விக் குழு வெளியிட்ட கற்றல் கொள்கைகளில் ஒன்று. பட்டறிவுக் கல்வியின் பழக்கமோ, நடந்ததையெல்லாம் அன்றே குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறது. இந்த முரணில் ஆசிரியர் குறிப்பேட்டைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. கனடாவின் உறைவிடப் பள்ளிகள் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை நிலத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்தன. அவற்றில் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்தை இன்று கவனமாகக் கேட்டுப் பெறும் பள்ளி என்ற அமைப்பு, அன்று கேட்காமலே பிள்ளைகளைக் கொண்டுபோனது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஆசிரியரின் முன் நிற்பவர்களில் சிலர்.

ஆகவே திட்டத்தின் வரவுசெலவில் துடுப்புப் படகுக்கும் கூடாரத்துக்கும் முன்னால் மூத்தோருக்கான மதிப்பூதியம் எழுதப்பட வேண்டும். நாள் குறிப்பதற்கு முன்பே அவர்களிடம் பேச வேண்டும். இவை இரண்டும் இல்லாத திட்டம் நல்ல இயற்கைச் சுற்றுலாவாக இருக்கலாம். அதைப் பூர்வகுடிசார் பாடமாகச் சான்றிதழில் பதிவது தகாது.