நாள்தோறும் மன்றிய பொன்: நீதிமன்ற ஆணையும் அவமதிப்புத் தண்டமும்

சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர், போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்கு ராஜாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது செஞ்சி வட்டாரக் கதை. வரலாற்றுச் செய்தி சுருக்கமானது. கப்பப் பாக்கியைக் கட்டச் சொன்னார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கு என்று கதை சொல்லும் தேஜ் சிங் மறுத்தார். 1714 அக்டோபரில் களத்தில் மாண்டார். அரசர்களுக்குள் கட்டளைக்கு அடுத்த படி வாள்தான்.

ஊர்ச்சபைகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வேறு வழி கண்டிருந்தன. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் விளக்குக்குப் பொன்னோ ஆடோ பெற்ற சபையார் ஓர் ஒப்புதலும் தருகிறார்கள்: விளக்கு முட்டினால் (தடைப்பட்டால்) தன்மாசனத்தில் (அறமன்றில்) நாளொன்றுக்கு இத்தனை காணம் பொன் மன்றுவோம் (தண்டமாகக் கட்டுவோம்), மன்றினாலும் விளக்கை முட்டாமல் எரிப்போம். இந்த இரண்டாம் பகுதியே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. தண்டம் கட்டியதால் கடமை தீர்ந்துவிடுவதில்லை. தவறு நீளும் நாள்தோறும் சுமையும் ஏறுகிறது. செயலை நடத்தி வாங்குவதே குறி.

இன்றைய நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இந்த மரபிலிருந்து வந்ததன்று. 1801இல் சென்னையில் அமைந்த உச்ச நீதிமன்றமும், அதன் இடத்துக்கு 1862இல் வந்த உயர் நீதிமன்றமும் ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் அவமதிப்பு அதிகாரத்தைக் கொண்டுவந்தன. 1926, 1952 சட்டங்கள் அவமதிப்பு எது என்று வரையறுக்கவே இல்லை. 1961இல் அமைந்த சன்யால் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1971 சட்டம்தான் உரிமையியல் அவமதிப்பைத் தனியே பிரித்தது: தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவது, நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பது.

தண்டனை ஆறு மாத வெறுங்காவல் வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை. அபராதம் போதாது என்று நீதிமன்றம் கருதினால்தான் உரிமையியல் சிறை. உறுத்துக்கட்டளையை மீறுவோருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39 விதி 2-ஏ இன்னும் கூர்மையானது. சொத்தை ஜப்தி செய்யலாம், ஓராண்டுக்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் விற்கவும் செய்யலாம்.

நடைமுறையில் வேலை செய்வது 2,000 ரூபாய் அல்ல, அதிகாரி நேரில் நிற்க நேரும் என்ற அச்சம்தான். ‘கன்டெம்ப்ட் போட்டாச்சு’ என்று தெரிந்ததும் வாய்தாவுக்கு முன் கோப்பு நகர்வதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். காவிரி வழக்கிலும் இதைக் காணலாம். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு, அதை நிறைவேற்றும் திட்டத்தை வகுக்க மத்திய அரசுக்கு ஆறு வாரக் கெடு வைத்தது. கெடு கடந்ததும் தமிழ்நாடு மத்திய அமைச்சரவைச் செயலாளர் மீது அவமதிப்பு மனு தொடுத்தது. மே 18இல் நீதிமன்றம் வரைவுத் திட்டத்தை ஏற்றது. ஜூன் 1இல் அது அரசிதழில் வந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

ஆனால் 2024 ஜனவரியில், அரசு அதிகாரிகளை எடுத்ததற்கெல்லாம் நேரில் அழைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அது நியாயம்தான். அதற்குப் பின் எஞ்சும் கருவி எது? அமெரிக்க நீதிமன்றங்கள் பணியும்வரை நாளுக்கு இவ்வளவு என்று அபராதத்தை ஏற்றுகின்றன. நம் சபைகளும் அதைத்தான் செய்தன. 1971இன் 2,000 ரூபாய் வரம்பை நாடாளுமன்றம் நீக்கி, ஆணை நிறைவேறும் நாள்வரை ஏறும் தண்டத்தைச் சட்டமாக்க வேண்டும்.