தீவகத்தில் வீடும் வாடகையும்



சென்ற ஆண்டு கனடாவில் வாழும் என் மருமகன் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தான். "மாமா, வேலணையில் அம்மம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் நாள்தோறும் அவ்வழியே போகிறார்கள். ஐந்தாறு அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டால் போட்ட முதல் திரும்பிவிடும் அல்லவா? எதிலிருந்து தொடங்கலாம்?" என்பது அவன் வினா. இத்தகைய வினாவை இன்று தீவகத்தவர் பலர் தம்முள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். விடை எழுதப் புகுந்தபோது, அது வெறும் வரவுசெலவுக் கணக்கன்று, எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு என்பதை உணர்ந்தேன். அவ்வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் எங்கள் தீவுகளில் ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு பெய்யும் மழையே ஆண்டு முழுவதுக்குமான நீர். பங்குனி பிறந்தால் நிலம் வெளிறிவிடும். நெடுந்தீவின் வெளிகளில் அக்காலத்தில் நிற்பவன் பனைகளையும் கற்களையும் கல்வேலிகளையும் மட்டுமே காண்பான். பாலை என்று சொல்லத்தக்க இத்தகைய நிலத்தில், அந்நியன் ஒருவன் வந்து தங்குவதற்கு எவ்வாறு இடம் கொடுத்தனர்? அதற்கு என்ன பெற்றனர்?

பழைய சான்றுகளுள் ஒன்று நயினாதீவிலேயே உளது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டு அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அதில் மன்னன் விதிக்கிறான். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் சேதமுற்றால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமானால் சரிபாதி. வந்தவனிடம் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவை அவனுக்கே விட்டுவிடவேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். எல்லை தெரிந்திருந்தால்தான் அயலான் அச்சமின்றி வருவான் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

துறைக்கு வந்தவர் வணிகர். கோயிலுக்கு வந்தவர் அடியார். நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வருபவர்களுக்கு மடங்கள் இருந்தன. மடத்தில் தங்கியவனிடம் கூலி வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பொருளுள்ளவர்கள் காணியைத் தருமத்துக்கு எழுதிவைத்தனர். அக்காணியின் வருவாயில் மடம் நடந்தது. குடாநாட்டுத் தெருக்களில் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்த அதே உள்ளமே மடங்களையும் கட்டிற்று. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே எனக் கொள்ளும் அறிஞர் உளர். அக்காப்பியத்தில் அமுதசுரபி தோன்றும் இடம் கோமுகி என்னும் பொய்கை. அன்னம் வழங்கும் பாத்திரமும் ஒரு நீர்நிலையிலிருந்தே எழுகிறது. இன்றும் நயினையில் அன்னதானம் நடைபெறும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர்.

அப்படியானால் நிலமுள்ளவன் நிலத்தால் வருவாய் பெற்றது எவ்வாறு? அதற்கு விடை தேசவழமையில் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், ஆள்பதி சைமன்ஸ் 1706 இல் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நம்மவரின் வழக்கங்களைத் தொகுத்து 1707 தை மாதத்தில் கையளித்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்த்து ஒப்பினர். பின் ஆங்கிலேயர் 1806 இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

அத்தொகுப்பில் நம் பொருளுக்கு உரியவை மூன்று.

முதலாவது ஒற்றி. பணம் வேண்டியவன் தன் காணியைப் பணம் கொடுத்தவனிடம் ஒப்படைப்பான். கொடுத்தவன் வட்டி கேளான். காணியின் விளைவை உண்பான். பணம் திரும்பியதும் காணி திரும்பும். மீட்பதற்கும் பயிரின் பருவம் பார்க்கவேண்டும். நட்டவன் அறுக்குமுன் பிடுங்கிக்கொள்ளல் ஆகாது.

இரண்டாவது பங்கு. பிறன் நிலத்தில் ஒருவன் மரம் நாட்டினால், கன்றும் அவனுடையதாயின் பலனில் மூன்றில் இரண்டு பங்கு நட்டவனுக்கு, ஒன்று நிலத்துக்காரனுக்கு. கன்றை நிலத்துக்காரன் கொடுத்தால் கணக்குத் தலைகீழாகும். நிலம் என்பதற்காக மட்டும் பெரும்பங்கு கேட்க வழக்கம் இடங்கொடுக்கவில்லை. உழைப்பையும் முதலையும் நிறுத்துப் பார்த்தே பங்கிட்டது.

மூன்றாவது முற்கொள்வுரிமை. முதுசக் காணியை விற்க எண்ணுபவன் முதலில் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்கவேண்டும். இவ்வுரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் திருத்தமாக வகுத்தது. வெளியார் கையில் காணி போகுமுன் உடன்பிறந்தவனின் வாய்ச்சொல்லைக் கேள் என்பதே அதன் சாரம்.

இவற்றோடு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காணி விற்பனை மட்டுமன்று, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசின் முன் உறுதியாக எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என அது விதித்தது. "வாய்ச்சொல் போதும், நாம் என்ன அந்நியரா?" என்று இருந்துவிட்டுப் பின்னர் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எண்ணில.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம்மவர் மலாயாவுக்குப் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராகவும் சென்றனர். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், நயினாதீவு மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் தீவுகளில் கல்வீடுகள் எழுந்தன. வீடு பெரிது, குடியிருப்போர் சிலர். ஆகவே வெற்றறைகள் வாடகைக்கு வந்தன. துறைமுக உத்தியோகத்தரும் ஆசிரியர்களும் அவற்றில் குடியிருந்தனர்.

என் சிறு பராயத்தில் எங்கள் வளவின் தென்புற அறைகள் இரண்டில் ஓர் ஆசிரியர் குடும்பத்தோடு இருந்தார். அவர் வந்த அன்று என் தாயார் வாடகையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, "மாஸ்ரர், இது குடிக்கிற கிணறு. இதிலே துலா போட மாட்டோம், கையால் அள்ளுவதுதான். குளிக்கவும் தோய்க்கவும் அடுத்த வளவுக் கிணறு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் குடும்பத்துக்கு நாலு குடம்" என்று சொன்னார். ஆசிரியர் சிரித்தபடி தலையசைத்தார். அவர் இருந்த ஆறாண்டில் ஒருநாளேனும் ஐந்தாவது குடம் அள்ளவில்லை. வாடகை இரண்டு மாதம் பிந்தியதுண்டு. அதற்காகத் தாயார் கடிந்துகொண்டதும் இல்லை.

அன்று அது சிக்கனம் என்றே எண்ணினேன். பின்னரே அதன் காரணம் விளங்கிற்று. எங்கள் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதனூடே இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட விதி. அதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். மேலே ஓரங்குலம் இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உவர் நாற்பது அங்குலம் ஏறிவர இடமுண்டு. கையால் அள்ளும்போது கிணறு தானே ஊறி நிறையும். இயந்திரத்தால் உறிஞ்சும்போது உவர் மேலெழும்; எழுந்த உவர் எளிதில் இறங்காது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1658 இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, குடிநீர்த் தொட்டி பீரங்கிக் குண்டால் சிதைந்தது; உள்ளேயிருந்த போர்த்துக்கேயர் பணிந்தனர். மதில் வீழுமுன் தண்ணீர் தோற்றது. போர் முடிந்தபின் அதே கோட்டையைக் கடற்படையினர் பயணிகள் தங்கும் விடுதியாக்கினர். அங்கு இரவு தங்குவோர் அந்தத் தொட்டியின் கதையையும் கேட்டறிதல் நன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைச் சூழ்ந்தது. வேலணையும் புங்குடுதீவும் ஏறக்குறைய வெறுமையாயின. இருபது வயதில் நானும் ஒரு பையோடு அவ்வீட்டைப் பூட்டிப் புறப்பட்டேன். திறப்பைத் தாயார் தம் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். கதவு நிலைத்தது எத்தனை நாள் என்பது எங்களுக்குத் தெரியாது. மீண்டு சென்றபோது கூரை இல்லை. முற்றத்தில் வடலி வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் இருந்தது. நீரும் இனிப்பாகவே இருந்தது. ஒருவரும் இறையாதிருந்ததே அதற்குக் காரணமாயிருக்கலாம்.

வெறுமையான வளவுகளில் வேறு குடும்பங்கள் அடைக்கலம் புகுந்ததும் உண்டு. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கு ஆட்சியுரிமை பிறக்கும். ஓடிப்போனவனுக்கு அது பெருந்துயராயிற்று. எனவே 2016 இல் இயற்றப்பெற்ற 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணியை அணுக முடியாதிருந்தோருக்கு விசேட ஏற்பாடு செய்தது. ஆயினும் சட்டம் தீர்த்ததைவிடத் தீராதவை அதிகம். உறுதிகள் எரிந்தன, எல்லைக் கற்கள் பெயர்ந்தன, ஒரே வளவின் உரித்தாளர் நான்கு நாடுகளில் வாழ்கின்றனர்.

2009 க்குப் பின் பயணிகள் திரளாக வரத் தொடங்கினர். நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும், நெடுந்தீவில் மட்டக்குதிரைகளும் பெருக்குமரமும் கோட்டை இடிபாடும் அவர்களை ஈர்க்கின்றன. ஆயின் கணக்கிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. குறிகட்டுவானில் படகேறுவோருள் மிகப் பலர் அன்று மாலையே திரும்புபவர்கள். ஆண்டில் பெருந்திரள் கூடுவது ஆனி மாதத்து அம்மன் திருவிழாவில். அவர்களோ மடத்தில் தங்கி அன்னதானத்தில் உண்பவர்கள். அத்திருவிழா வருவதும் கோடையின் நடுவில், கிணறுகள் அடிகாணும் காலத்தில். மாரியில் கிணறு நிறையும்போது கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிடும் நாள்களும் உண்டு. ஆள் இருக்கும்போது தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கும்போது ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், தீவொன்றில், இதனை எண்ணாமல் அறைகள் கட்டினார். எட்டுப் பேர் தங்கினால், ஆளுக்கு 100 லீற்றர் எனினும் நாளொன்றுக்கு 800 லீற்றர். நகரத்தார் நீர்த்தூவியின் கீழ் நின்று குளிப்பவர். நாலு குடக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. அவர் இயந்திரம் பூட்டி இறைத்தார். இரண்டாம் கோடையில் கிணறு உவர்த்தது. அவர் கிணறு மட்டுமா? வேலிக்கு அப்பாலிருந்த விதவைத் தாயொருத்தியின் கிணறும் உவர்த்தது. அவர் வண்டியில் தண்ணீர் வாங்கி விடுதியை நடத்தினார். அத்தாய் எதைக் கொண்டு வாங்குவாள்? அவள் அவரோடு வழக்காடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்தாள். அதுவே என்னை இன்றுவரை உறுத்துகிறது.

பாலைவழிகளில் வணிகர் தங்கிய சத்திரங்கள் உலகெங்கும் கிணற்றைச் சார்ந்தே எழுந்தன. முதலில் கிணறு, பின்னர் சுவர். நாமோ இன்று முதலில் சுவரைக் கட்டிவிட்டுப் பின்னர் கிணற்றைத் தேடுகிறோம்.

மருமகனுக்கு நான் எழுதிய விடை இதுதான்: "தம்பி, கட்டாதே என்று சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டைவிட விளக்கெரியும் வீடு ஊருக்கு நல்லது; படகோட்டிக்கும் சமைப்பவளுக்கும் அதனால் பிழைப்புண்டு. ஆனால் தொடங்கும் முறை ஒன்று உண்டு. வைகாசி மாதத்தில் வந்து ஒரு மாதம் அவ்வீட்டில் தங்கு. கிணறு எத்தனை குடம் தருகிறது என்று நீயே அள்ளிப் பார். மாரி மழையைப் பிடித்துவைக்கத் தொட்டியை முதலில் கட்டு. அத்தொட்டி கொள்ளும் அளவுக்கே அறைகளைக் கட்டு. உறுதியைத் தேடி எடு. உன் தாய் ஒருத்திக்கு மட்டும் அவ்வீடு உரியதன்று, நாங்கள் நால்வர். நால்வரின் கையொப்பமும் நொத்தாரிசின் முன் விழட்டும். வேலிக்கு அப்பாலிருப்பவளிடமும் ஒரு சொல் கேள். சட்டம் அதைக் கேட்கவில்லை, கிணறு கேட்கிறது."

அவன் இன்னும் மறுமொழி எழுதவில்லை. ஆனால் வருகிற வைகாசிக்குப் பயணச்சீட்டு எடுத்திருப்பதாக என் தமக்கை சொன்னாள். நான் கிணற்றுக்குப் புதிய கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.