சோளகர் இட்ட தீயும் காட்டின் வாழ்வும்

காட்டுத்தீ எனின் அழிவு என்றே பொருள்கொள்ளுதல் பொதுவழக்கு. அஃது எல்லாத் தீக்கும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். புனத்தைச் சுட்டுத் தினை விதைத்த குறவரைச் சங்கப் பாடல்களில் காண்கின்றோம். சத்தியமங்கலக் காட்டை அடுத்துக் கருநாடகத்தில் அமைந்த பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகரும் நெடுங்காலம் தீயைக் கையாண்டவரே. கோடையின் தொடக்கத்தே அவர் இட்ட சிறுதீ, சருகையும் காய்ந்த புல்லையும் எரித்துத் தணிந்தது. வளர்ந்த மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. பின் தழைத்த இளம்புல் மானுக்கும் காட்டெருமைக்கும் இரையாயிற்று.

1974-ஆம் ஆண்டில் அம்மலை வனவிலங்குச் சரணாலயம் ஆக்கப்பெற்றது, தீயிடுதலும் தடுக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தது யாது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டினின்று இந்தியாவிற்குக் கொணரப்பெற்ற உண்ணிச்செடி அங்குப் புதராய் மண்டிப் புல்லை ஒடுக்கிற்று. மான்கள் விரும்பியுண்ணும் கனியைத் தரும் நெல்லிமரங்களிற் புல்லுருவி மிகுந்தது. இவ்விரண்டையும் தம் முன்னோர் இட்ட தீயே அடக்கிவைத்தது என்பர் சோளகர். மேலும், அடர்ந்த புதரிற் பற்றும் தீ மரக்கிளைவரை ஏறிக் கொடிதாகின்றது.

எனவே, தீயின் நன்மை தீமைகள் அது பற்றும் பருவத்தையும் எரியும் பொருளையும் பொறுத்தன. காட்டின் வரலாறு எழுதுவோர், அரசாணைகளோடு காட்டில் வாழ்ந்தோர் கூற்றையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.