மேடைச் சிறுமிக்குச் சேலம் தந்த கதாநாயகி வேடம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அதன் பின்னே இயங்கிய படப்பிடிப்பு நிலையம் தமிழ் மட்டுமன்றிப் பிற மொழிகளையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பே. அங்கு உருவான படங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று 1963-இல் வெளியான 'கொஞ்சும் குமரி'. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற மனோரமாவைக் கதாநாயகியாக்கிய படம் அது.

மன்னார்குடியில் 1937-இல் பிறந்த மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவை இழந்த நிலையில், தாய் அவரைச் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு அழைத்து வந்தார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்த தாயின் உடல்நலம் குன்றியபோது, மகளின் பள்ளிப் படிப்பு நின்றது. ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் அவர் நாடக மேடை ஏறினார். அங்கேதான் 'மனோரமா' என்னும் பெயர் கிடைத்தது. பிற்காலத்தில் தமிழகம் அன்போடு அழைத்த 'ஆச்சி' என்ற சொல்லும் செட்டிநாட்டு வழக்கே.

அக்காலத்தில் நாடகமே திரைத்துறையின் பயிற்சிக்கூடம். சிறுவர்களுக்கு 'பாய்ஸ் கம்பெனி' என்னும் அமைப்பு இருந்தது. உண்ணவும் உறங்கவும் இடம் தந்து, பாடவும் வசனம் பேசவும் அது பழக்கியது. சங்ககிரி அருகேயுள்ள அக்கம்மாபேட்டையில் பிறந்த ஏ.பி. நாகராஜன், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் அவ்வாறு வளர்ந்தவர். மேடைக்கு வந்த சிறுமியருக்கோ பெரும்பாலும் தாயின் துணையே அரண். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் புகழ்பெற்ற மனோரமா, கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) வழியாகத் திரைக்கு வந்தார். வந்தது நகைச்சுவை வேடத்தில்.

நகைச்சுவை நடிகை என்று முத்திரை குத்தப்பட்டவரைக் கதாநாயகியாக்க எந்த முதலாளி துணிவார்? திருச்செங்கோட்டைப் பூர்வீகமாகக் கொண்ட டி.ஆர். சுந்தரத்தின் நிறுவனம் துணிந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற சுந்தரம், படப்பிடிப்பு நிலையத்தை ஓர் ஆலையைப் போலக் கட்டுப்பாட்டுடன் நடத்தினார். தளம், கருவிகள், மாதச் சம்பளப் பணியாளர்கள் அனைத்தும் ஒரே வளாகத்தில் இருந்தமையால், ஒரு படத்துக்கான கூடுதல் செலவு குறைவு. நட்சத்திரத்தை நம்பாமல் புதியவரைக் கொண்டு முயன்று பார்க்கும் துணிவு அந்தச் செலவுக் கணக்கிலிருந்தே பிறந்தது என்பது, பொருளியல் பயின்றவன் என்ற முறையில் என் கருத்து. சுந்தரம் மறைந்ததும் அதே 1963-இல்தான்.

அதன் பின்னர் கதாநாயகியாக அவர் நிலைபெறவில்லை. ஆனால், வேறொரு வழியில் உயர்ந்தார். ஏறத்தாழ 55 ஆண்டுகளில் ஆயிரம் படங்கள் என்றால் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினெட்டு. குறைந்த நாள்கள், பல படங்கள் என்னும் துணை நடிகரின் உழைப்பு முறை அது. ஏறக்குறைய துண்டுக்கூலி முறை. அந்த ஓட்டத்தினிடையே அரிய வேடங்களும் அமைந்தன. ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. மேடையில் வளர்ந்த இயக்குநரும் மேடையில் வளர்ந்த நடிகையும் சேர்ந்து தம் உலகையே அவ்வேடத்தில் பதிவு செய்தனர் எனலாம். 'புதிய பாதை' (1989) அவருக்குத் தேசிய விருதைத் தந்தது; 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. 2015 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் காலமானார்.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் வாசிப்பது போதாது. வறுமை ஒரு சிறுமியைப் பள்ளியிலிருந்து மேடைக்குத் தள்ளியது, அவர் வென்றார். அவ்வாறே தள்ளப்பட்டுத் தோற்றவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. வென்றவரைக் கொண்டு விதியை அளப்பது பிழை.

சட்டம் மெல்லவே விழித்தது. அமெரிக்காவில் சாப்ளினின் 'தி கிட்' (1921) படச் சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் வருவாய் கரைந்துபோனதைக் கண்டு வழக்குத் தொடுத்ததன் விளைவாகக் கலிபோர்னியா 1939-இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017-இன் விதிகளும் சில வரம்புகளை வகுத்தன. குழந்தையை நடிக்க வைக்கும் தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு, தேசியமயமான வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக வேண்டும்.

நல்ல விதிகள்தாம். ஆனால், இவை தயாரிப்பாளர் என ஒருவர் தனியே இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டவை. இன்று பெற்றோரே கைப்பேசியில் குழந்தையைப் படம்பிடித்து, விளம்பர வருவாய் ஈட்டுகின்றனர். அங்கே அனுமதி கேட்பவர் யார், மணிக்கணக்குப் பார்ப்பவர் யார்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இத்தகைய காணொளிகளின் வருவாயில் குழந்தைக்குப் பங்கு ஒதுக்கும் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நம் விதிகளும் அவ்வழியே விரிய வேண்டும். வைப்புத்தொகையோடு பள்ளி வருகையும் கண்காணிக்கப்பட வேண்டும்.

ஏற்காடு சாலையின் வளைவைப் போற்றுவோர், அதனுள் நுழைந்து உழைத்தவர்களின் இளமைக்கு என்ன விலை தரப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனோரமாவுக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடம், இன்று நடிக்கும் குழந்தைக்கு மறுக்கப்படலாகாது.