தாத்தாவோட அம்பாசடருக்கு ரீ-என்ட்ரி கொடுக்கப் போறீங்களா? முதல்ல சீட்டைக் கழட்டுங்க!

ஷெட்ல தூங்குற பழைய அம்பாசடரை ரெடி பண்ணணும்னா, பலரும் முதலில் யோசிப்பது பெயின்ட்டைத்தான். ஆனால், வண்டியின் உண்மையான ஆரோக்கியம் சீட்டுக்குக் கீழேதான் இருக்கு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக்கொண்ட இந்த காரின் உற்பத்தி, 2014-ல் உத்தர்பாரா ஆலையோடு நின்றுபோனது. அதனால் இன்று கிடைக்கும் எந்த அம்பாசடருக்கும் வயது குறைந்தபட்சம் பத்துக்கு மேல். சீட்டை வீட்டிலேயே கழற்றுவது எப்படினு பார்ப்போம்.

கழற்றும் முன்பு...

* வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்க. பேட்டரியில், பாடியோடு இணைந்திருக்கும் எர்த் ஒயரை முதலில் கழற்றிடுங்க.

* எல்லா போல்ட்டையும் கழற்றும் முன்பே போட்டோ எடுங்க. வாஷர் எந்த வரிசையில் இருக்குங்கிறது ரெண்டு வாரம் கழிச்சு சத்தியமா ஞாபகம் இருக்காது.

* துருப்பிடிச்ச போல்ட்டுல டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரே அடிச்சு, ஒரு ராத்திரி ஊற விடுங்க.

* பழைய மாடல்களில் இன்ச் அளவு போல்ட் இருக்கலாம். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் லூஸாக நின்று, போல்ட்டின் தலையை மழுக்கிடும்.

முன் சீட்

சீட்டை முழுசா முன்னால் தள்ளினால், ரெயிலின் பின்பக்க போல்ட் தெரியும். பின்னால் தள்ளினால் முன்பக்க போல்ட். போல்ட் அசையலைன்னா ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகாதீங்க, உடைஞ்சுடும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் லூஸ் பண்ணி, மறுபடி ஸ்பிரே அடிச்சுப் பாருங்க. பெஞ்ச் சீட்டுன்னா இரும்பு ஃபிரேம், ஸ்பிரிங்னு நல்ல கனம். ரெண்டு பேரா தூக்குங்க. கதவு ஓரத்தில் பழைய போர்வையைப் போட்டுட்டால் பெயின்ட்டில் கீறல் விழாது.

பின் சீட்

பெரும்பாலான பழைய கார்களில் உட்காரும் குஷனை முன்பக்கமாகத் தூக்கினாலே கையோடு வந்துடும். அதை எடுத்த பிறகுதான் முதுகுப் பகுதியைப் பிடிச்சிருக்கும் போல்ட், கொக்கி எல்லாம் கண்ணில் படும். உங்ககிட்ட இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில்னா கூடுதல் கவனம். அதில் பேட்டரியே பின் சீட்டுக்குக் கீழேதான். சீட் ஸ்பிரிங் பேட்டரி முனையில் உரசினால் தீப்பிடிக்கும்.

இப்போதான் முக்கியமான வேலை!

மேட்டையும் அதற்குக் கீழே இருக்கும் விரிப்பையும் எடுங்க. மழைத் தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிப் பாருங்க. 'டங்'னு கேட்டால் இரும்பு நல்லா இருக்கு. 'தொப்'னு கேட்டால், முனையால் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால் துரு அரிச்சிடுச்சுனு அர்த்தம்.

போல்ட் ஓட்டையைச் சுற்றி இப்படி இருந்தால், சீட்டைத் திரும்ப மாட்டவே கூடாது. திடீர் பிரேக்கில் நம்மைத் தாங்கிப் பிடிப்பது அந்த நாலு போல்ட்டும், அவற்றைச் சுற்றியிருக்கும் தகடும்தான். மேலே தகரத்தை ஒட்டி, பெயின்ட் அடிச்சு மறைக்கிற கதையெல்லாம் வேண்டாம். அழுகின பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ண நல்ல டிங்கர்கிட்ட கொடுங்க.

திரும்ப மாட்டும்போது...

சாதா போல்ட் வேண்டாம். அதே அளவு, அதே வலுவுள்ளதா வாங்குங்க. மில்லிமீட்டர் போல்ட்டுன்னா தலையில் 8.8 என்ற குறியைப் பாருங்க. முதலில் எல்லாவற்றையும் கையால் மாட்டிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்க. கடைசியா சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, லாக் விழுதானு செக் பண்ணுங்க. ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீங்க.

குஷன் கடைக்கு அப்புறம் போகலாம். தரை உறுதியா இருந்தால்தான் தாத்தாவோட சீட்ல தைரியமா உட்கார முடியும்!