ஒரு பவுண்டு தானியம்: பால் இல்லாத சாப்பாட்டைப் பற்றி ஒரு பழைய சண்டை

பெங்களூரில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருத்தன் போன வருஷம் வீகன் ஆகிவிட்டான். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. "சத்தா இருக்கணும், சமைக்கவும் ஈஸியா இருக்கணும், ஏதாவது ரெசிபி சொல்லுங்க" என்று கேட்டான். அவன் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பட்டியலில் பாதாம் பால், டோஃபு, கினோவா என்று எல்லாம் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அவர் சின்ன வயசில் சாப்பிட்டதை வரிசையாகச் சொன்னார்: ராகிக் களி, கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், கொள்ளு ரசம், அவரைக்கொட்டைக் குழம்பு, சாமைச் சோறு, வேர்க்கடலைத் துவையல், புளிச்சாறு. எழுதி முடித்துப் பார்த்தால், கூழில் ஊற்றும் மோரைத் தவிர அத்தனையும் வீகன்.

இந்த இடத்தில் "பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே வீகன்" என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது உண்மை இல்லை. நம்ம பக்கத்து ஆட்கள் கறி கிடைத்தபோது சாப்பிட்டார்கள், கோயில் கெடா வெட்டுக்குக் காத்திருந்தார்கள். தினமும் கிடைத்தது செடியிலிருந்து வந்தது மட்டும்தான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தானியமும் பயறும் கீரையும் மட்டும் இருந்தால் ஒரு மனுஷனுக்குப் போதுமா? எவ்வளவு வேண்டும்? எதைக் குறைத்தால் ஆள் தாங்கமாட்டான்?

இந்தக் கேள்வி இன்றைக்குப் புதுசாக வந்தது இல்லை. 150 வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் இதை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது.

கார்னிஷ் என்ற டாக்டர்

தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல்தான். அதுவரை நாம் சேலம் மாவட்டம், பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணம். அந்த மாகாணத்தில் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்று ஒரு ஆங்கிலேய மருத்துவர் வேலை பார்த்தார். 1863-ல் சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜில்லா சிறைகளில் கைதிகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது பற்றி அவருடைய அறிக்கை ஒன்று வெளியானது. அரிசி, ராகி, கம்பு, சோளம், பயறு வகைகள் இவற்றின் சத்தைப் பற்றி அந்தக் கால வேதியியல் என்ன சொன்னதோ அதை வைத்துப் பார்த்தவர் அவர். அன்றைக்கு வைட்டமின் என்ற சொல்லே கிடையாது. அது 1912-ல் வந்தது. ஒரு உணவில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த அளவுகோல். இன்றைய மொழியில் சொன்னால் புரதம்.

பதிமூன்று வருஷம் கழித்து அந்தக் கணக்கு உயிர் சம்பந்தப்பட்டதாக மாறியது.

தாது வருஷம்

1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தைத்தான் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

நிவாரண வேலை என்றால் ரோடு போடுவது, ஏரி வெட்டுவது. வேலைக்குக் கூலி. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் அந்தக் கூலியைக் குறைத்தார். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்ற கணக்கு. இதே டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து பல உயிர்களைக் காப்பாற்றியவர், அதற்காகவே "வீண் செலவு" என்று திட்டு வாங்கியவர். இந்த முறை சிக்கனம் காட்டினார்.

அப்போது கார்னிஷ் சென்னை மாகாண சுகாதார கமிஷனர். அவர் எதிர்த்தார். மண்வெட்டி பிடித்து வேலை செய்கிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம் பத்தாது, அதோடு பயறும் வேண்டும் என்றார். சிறைக் கைதிகளின் உணவு அனுபவம் அவருக்கு ஆதாரமாக இருந்தது. இருவருக்கும் நடந்த வாதம் அந்தக் கால அரசுக் காகிதங்களிலும், பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-ல் எழுதிய பஞ்ச வரலாற்றிலும் பதிவாகியிருக்கிறது. கடைசியில் 1877-ல் சென்னை அரசு டெம்பிள் கூலியைக் கைவிட்டு அளவைக் கூட்டியது. அதற்குள் சில மாசம் போய்விட்டது.

நம்ம கணக்கு

இன்று நம்மிடம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணை இருக்கிறது. அதை வைத்து அந்த ஒரு பவுண்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பவுண்டு என்பது 454 கிராம்.

தீட்டிய அரிசி என்றால் சுமார் 1,600 கிலோகலோரி, 36 கிராம் புரதம், 34 மில்லிகிராம் கால்சியம்.

ராகி என்றால் சுமார் 1,450 கிலோகலோரி, 32 கிராம் புரதம், 1,650 மில்லிகிராம் கால்சியம்.

கடின உழைப்பு செய்யும் ஆணுக்கு அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரை சுமார் 3,470 கிலோகலோரி. அது 65 கிலோ எடைக்கான கணக்கு. பஞ்சத்தில் வந்தவன் அதைவிட மெலிந்தவனாக இருந்திருப்பான், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்தாலும் பாதி வயிறுதான். மீதி எல்லாத்தையும் அந்தக் கொஞ்சக் காசில், பஞ்ச விலையில் வாங்க வேண்டும்.

இதில் எனக்குப் புரிந்த விஷயம் இரண்டு. ஒன்று, அளவு. செடி உணவு என்பதால் யாரும் சாகவில்லை, போதாத உணவு என்பதால் செத்தார்கள். இரண்டாவது, கார்னிஷ் பிடிவாதமாகச் சொன்ன பயறு. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது நிறைய உண்டு. 100 கிராம் கொள்ளில் கிட்டத்தட்ட 22 கிராம் புரதம். லைசின் பற்றி கார்னிஷுக்குத் தெரியாது, ஆனால் அவர் கைகாட்டிய திசை சரி.

நம்ம பாட்டிகளுக்கும் நைட்ரஜன் தெரியாது. ஆனால் களிக்குத் தொட்டுக்கொள்ள கொள்ளோ, அவரைக்கொட்டையோ, கீரையோ இல்லாமல் பரிமாறமாட்டார்கள். இந்த ஜோடி ரொம்பப் பழசு. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது கருகிய ராகி, கொள்ளு, பச்சைப்பயறு மூன்றும் கிடைத்தன. கொள்ளு தென்னிந்தியப் புதிய கற்கால மக்களே பயிரிட்ட தானியம். ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். அம்மா பட்டியலில் இருக்கும் மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துக்கீசியர் வந்ததற்கு அப்புறம் வந்தவை. "பாரம்பரியம்" என்று நாம் சொல்லும் தட்டே ஒரு உலக வரைபடம்தான். அதனால் அந்தப் பையனின் டோஃபுவையும் நான் கிண்டல் பண்ணப் போவதில்லை.

பையனுக்கு என்ன சொன்னேன்

ராகியில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம். பாலில் அதே அளவுக்குச் சுமார் 120. ஆனால் ராகியில் இருக்கும் ஃபைட்டேட் அதில் ஒரு பகுதியை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினாலும் ஃபைட்டேட் குறையும். நம்ம ஊர்க் கூழ் ஒரு ராத்திரி புளிப்பது ருசிக்கு மட்டும் இல்லை.

களிக்கு: ஒரு கைப்பிடி நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் ராகி மாவைக் கொட்டி, மூடி வைத்து வேகவிட்டு, துடுப்பால் கட்டி இல்லாமல் கிண்ட வேண்டும். கூட கொள்ளுக் கடைசல். கீரையில் எலுமிச்சை பிழிந்தாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ இரும்புச் சத்து நன்றாகச் சேரும். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர்க்காரர்கள் நாம், நெல்லிக்காய்க்குப் பஞ்சம் வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். வைட்டமின் பி12 செடியில் கிடையாது. அம்மா காலத்தில் அது கொஞ்சமாவது வந்த வழி கூழில் ஊற்றிய மோரும் எப்போதாவது வந்த கறியும்தான். அவன் அந்த இரண்டையும் எடுத்துவிட்டான். கூழ் புளிப்பதை நம்பி இருக்க முடியாது. வீகன் என்ற சொல்லை டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உண்டாக்கியது 1944-ல், பி12-ஐப் பிரித்தெடுத்தது 1948-ல். அதாவது அந்த இயக்கம் தொடங்கியபோது இந்த ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும், மாத்திரையும் கிடைக்கிறது. டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள் என்றேன்.

2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் கார்னிஷ் இருந்தால் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டிருப்பார்: கூட எவ்வளவு பயறு?

பையன் போன வாரம் போன் பண்ணினான். களி இன்னும் கட்டி தட்டுகிறதாம். மாவைக் கொட்டினதும் உடனே கிண்டாதே, கொஞ்ச நேரம் வேகட்டும் என்று அம்மா சொன்னதைச் சொல்லி வைத்தேன்.